கடலோரத் துறவி (ஓவியம்)

கடலோரத் துறவி என்பது ஜெர்மானிய ஓவியரான காஸ்பர் டாவிட் பிரீட்ரிக் 1808 ஆம் ஆண்டுக்கும் 1810 ஆம் ஆண்டுக்கும் இடையில் டிரெஸ்டன் நகரில் வரைந்த எண்ணெய்வண்ண ஓவியம் ஆகும். ஜெர்மன் மொழியில் இது "டெர் மியோன்ஷ் ஆம் மேர்" என அழைக்கப்படுகிறது. கித்தானில் வரையப்பட்ட இவ்வோவியம் 110 சதம மீட்டர் உயரமும், 171.5 சதம மீட்டர் அகலமும் கொண்டது. பெர்லின் நகரின் அருங்காட்சியகத் தீவில் அமைந்துள்ள பழைய தேசியக் காட்சியகத்தின் சேகரிப்பில் இது இடம்பெற்றுள்ளது. ஐரோப்பியப் புனைவிய இயக்கத்தின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கடலை வரைந்த ஓவியங்கள் ஐரோப்பாவில் இதற்கு முன்னரும் ஏராளமாக இருந்தன. ஆனால், கப்பல், துறைமுகம், புயல், மீனவர் முதலிய எதுவும் இல்லாமல், மணல், நீர், வானம் ஆகியவற்றையும் ஒரேயொரு மனிதனையும் மட்டும் கொண்டு பெரிய அளவில் கடற்காட்சி ஒன்றை அமைத்தது அக்காலத்தில் மிகவும் புதுமையான செயலாக இருந்தது. இவ்வெறுமை ஓவியர் முதலிலேயே திட்டமிட்டது அன்று என்பதும், வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் கப்பல்களை நீக்கிவிட்டார் என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தன.

ஓவியத்தின் அமைப்பு

ஓவியத்தின் அடிப்பகுதியில் வெளிறிய நிறமுடைய மணல்மேடு ஒன்று இடமிருந்து வலமாகப் பரந்துள்ளது. இதன் விளிம்பு மெல்ல உயர்ந்து, மழுங்கிய முனையொன்றை எட்டி, மீண்டும் வலப்பக்கமாகத் தாழ்கிறது. அதற்கு அப்பால் கருநீலமும் கரும்பச்சையும் கலந்த குறுகிய பட்டையாகக் கடல் காணப்படுகிறது. அலைகளின் நுரை சிறிய வெண்கீற்றுகளாக ஆங்காங்கே காட்டப்பட்டுள்ளது. தொடுவானம் ஓவியத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தடையின்றி நேர்கோடாகச் செல்கிறது. எஞ்சிய பகுதி முழுவதும் வானம் ஆகும். இது ஓவியப் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலானது. கடலை ஒட்டிய பகுதியில் வானம் இருண்ட மூடுபனி போலவும், மேலே செல்லச் செல்ல வெளுத்தும், உச்சியில் ஓரளவு நீலமாகவும் உள்ளது.

நடுவிலிருந்து சற்று இடப்புறமாக, நீண்ட கரிய அங்கி அணிந்த ஒருவர் பார்வையாளருக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கி நிற்கிறார். தலையில் எதுவும் இல்லை. ஒரு கை தலையைத் தாங்கியிருப்பது போல் தோன்றுகிறது. அவரைச் சுற்றிச் சில கடற்காகங்கள் பறக்கின்றன. அகன்று கிடக்கும் இந்த ஓவியத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரே வடிவம் இவருடையதே. அளவில் மிகச் சிறியவராக இருந்தும் பார்ப்பவரின் கண் முதலில் அவரிடம் செல்வதற்கும், உடனே அங்கிருந்து விலகி வெட்டவெளிக்குள் இழுக்கப்படுவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

அக்கால நிலத்தோற்ற ஓவியங்களில் முன்பகுதியின் இரு ஓரங்களிலும் மரம், பாறை, இடிந்த சுவர் போன்ற ஏதாவது ஒன்றை வைப்பது வழக்கம். இவை பார்வையை உள்ளே நடத்திச் செல்வதுடன், எது அண்மையில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்பதை அறியவும் உதவின. பிரீட்ரிக் இவ்வழக்கத்தை முற்றாகக் கைவிட்டுள்ளார். ஓரங்களில் தடுப்பு எதுவும் இல்லாததால், சட்டகத்துக்கு அப்பாலும் மணலும் கடலும் வானமும் இவ்வாறே நீண்டு செல்கின்றன என்ற உணர்வு எழுகிறது. தொலைவை அளப்பதற்கும் வழியில்லை. கடல் எவ்வளவு ஆழமாக உள்ளே செல்கிறது என்பதைக் காட்டக்கூடிய ஒரு படகு கூட இல்லாததால், அது பரந்த நீர்ப்பரப்பாகவும், எழுந்து நிற்கும் கரிய சுவராகவும் மாறி மாறித் தோன்றுகிறது. இவ்வோவியம் ஏற்படுத்தும் அமைதியின்மையின் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது. இங்கே புயல் இல்லை. எவருக்கும் ஆபத்தும் இல்லை. ஆயினும் அச்சம் உண்டாகிறது.

பின்னணி

பிரீட்ரிக் 1774 செப்டெம்பர் 5 ஆம் தேதி பால்டிக் கடற்கரையில் உள்ள கிரைப்ஸ்வால்ட் நகரில் பிறந்தார். அக்காலத்தில் இந்நகர் சுவீடனின் ஆட்சிக்கு உட்பட்ட பொமரேனியாவில் இருந்தது. ஏழாவது வயதை எட்டுமுன் தாயை இழந்தார். 1787 ஆம் ஆண்டில் அவருடைய தம்பி பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கி இறந்தார். ஆபத்தில் சிக்கிய பிரீட்ரிக்கைக் காப்பாற்ற முயன்றபோதே தம்பி இறந்ததாக ஒரு செய்தி உண்டு. அவருடைய எல்லா ஓவியங்களின் துயரத்துக்கும் இந்நிகழ்வையே காரணமாகக் காட்டுவது பிற்கால எழுத்தாளர்களிடம் பெருவழக்காக இருந்தது. இவ்வாறான விளக்கம் எளிதானது என்றாலும், ஒரு குறிப்பிட்ட ஓவியம் ஏன் இப்படி அமைந்தது என்பதை அது சொல்வதில்லை.

இவ்வோவியத்துடன் கூடிய தொடர்பு உடையது ரியூகன் தீவு ஆகும். கிரைப்ஸ்வால்டுக்கு அண்மையில் உள்ள இத்தீவுக்குப் பிரீட்ரிக் பலமுறை சென்று கரையோரங்களைக் கோட்டோவியங்களாகப் பதிவு செய்துள்ளார். இத்தீவின் அல்ட்டன்கிர்ஹென் என்னும் ஊரில் போதகராக இருந்த கவிஞர் கோசெகார்ட்டன், மத்தி மீன் பிடிக்கும் பருவத்தில் தேவாலயத்துக்கு வர இயலாத மீனவர்களுக்காகக் கடற்கரையிலேயே நின்று சமயச் சொற்பொழிவு ஆற்றி வந்தார். இயற்கை இறைவன் தன்னை வெளிப்படுத்தும் இடம் என்பது அவருடைய கருத்து. கிரைப்ஸ்வால்டில் பிரீட்ரிக்குக்கு ஓவியம் கற்பித்த குவிஸ்டோர்ப் இவருடைய நண்பர். எனவே, கூரையும் சுவரும் இல்லாத கரையையே வழிபாட்டிடமாகக் காணும் எண்ணம் பிரீட்ரிக்குக்கு இளமையிலேயே அறிமுகமானது.

ஓவியத்தில் உள்ள கரை ரியூகன் தீவின் தென்கிழக்கில் உள்ள மியோன்ஷ்கூட் தீபகற்பத்தைச் சார்ந்தது எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இப்பெயருக்குத் துறவிகளின் நிலம் என்பது பொருள். நடுக்காலத்தில் இப்பகுதி கிரைப்ஸ்வால்டுக்கு அருகில் இருந்த எல்டேனா துறவிமடத்துக்கு உரியதாக இருந்தது. ஆனால், பிரீட்ரிக் ஓர் இடத்தை உள்ளவாறே காட்டுவதில் நாட்டம் கொண்டவர் அல்லர். வெளியில் வரைந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, அறைக்குள் இருந்தே ஓவியங்களை உருவாக்குவது அவருடைய முறையாகும்.

இவ்வோவியத்தைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், 1808 இல், "மலைகளில் சிலுவை" என்னும் ஓவியத்தை அவர் நிறைவு செய்திருந்தார். பலிபீடத்துக்கான ஓவியமாக ஒரு நிலத்தோற்றத்தையே அமைத்தமைக்காக, திறனாய்வாளர் ராம்டோர் 1809 ஆம் ஆண்டில் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நிலத்தோற்ற ஓவியம் சமயக் கருத்தை ஏந்த வல்லதா என்பதே இவ்விவாதத்தின் மையம். கடலோரத் துறவி இவ்விவாதத்துக்குப் பிரீட்ரிக் அளித்த விடை என்று கொண்டால், அது சிலுவையைக் கூட நீக்கிவிட்டுத் தந்த விடை ஆகும்.

நீக்கப்பட்ட கப்பல்கள்

அகச்சிவப்புக் கதிர்களின் உதவியுடன் ஓவியத்தை ஆராய்ந்தபோது, மேற்பூச்சின் கீழ் கப்பல்களின் கோட்டுருக்கள் இருப்பது தெரியவந்தது. துறவியின் இரு பக்கங்களிலும் பாய்மரக் கப்பல்கள் திட்டமிடப்பட்டிருந்தன. 1809 ஆம் ஆண்டு சூனில் பிரீட்ரிக்கின் பணியறைக்குச் சென்ற மரீ ஹெலேன பொன் கியூகெல்கென் என்னும் பெண்மணி தான் கண்டதைக் கடிதம் ஒன்றில் விவரித்துள்ளார். எல்லையற்ற வானத்தையும் அமைதியற்ற கடலையும் கண்டதாகக் கூறும் அவர், அக்கடலில் ஒரு படகோ கப்பலோ இல்லை என்று குறைப்படுகிறார். எனவே, அக்காலத்துக்குள் கப்பல்கள் மறைந்துவிட்டன.

கப்பல்கள் இருந்திருந்தால் இவ்வோவியத்தின் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினம் அன்று. கிறித்தவ மரபில் கப்பல் மனித வாழ்வைக் குறிக்கும் பழைய குறியீடு. பிரீட்ரிக்கே அதனைப் பல ஓவியங்களில் பயன்படுத்தியுள்ளார். 1830களில் வரைந்த "வாழ்வின் நிலைகள்" என்னும் ஓவியத்தில் வெவ்வேறு தொலைவுகளில் உள்ள கப்பல்கள் வெவ்வேறு வயதினரைக் குறிப்பதாகக் கொள்வர். கப்பல் உள்ள கடலில் ஒரு கதை உண்டு; அது எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது. கரையில் நிற்பவர் அதற்காகக் காத்திருக்கலாம், அல்லது அதை வழியனுப்பலாம். கப்பல்களை எடுத்துவிட்டதால் துறவிக்குக் காத்திருக்கவும் எதுவும் இல்லாமல் போயிற்று. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத திசையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் ஓவியத்தின் உணர்வுநிலையை முடிவு செய்கிறது.

1810 ஆம் ஆண்டுக் கண்காட்சி

1810 செப்டெம்பர் 18 ஆம் தேதி கவிஞர் கோத்தே டிரெஸ்டனில் உள்ள பிரீட்ரிக்கின் பணியறைக்குச் சென்று இவ்வோவியத்தையும் அதன் இணையையும் பார்த்தார். இதனைத் தனது நாட்குறிப்பில் பதிந்துள்ளார். பின்னர் இரண்டு ஓவியங்களும் பெர்லின் கலைக்கழகத்தின் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டன.

இணை ஓவியம் "ஓக் காட்டில் மடம்" எனப்படுவது. ஏறத்தாழ இதே அளவுடைய அவ்வோவியத்தில், பனி மூடிய இடுகாட்டின் வழியே துறவிகள் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து இடிந்த தேவாலயத்தின் வாயிலை நோக்கிச் செல்கின்றனர். அந்த இடிபாடு எல்டேனா மடத்தை மாதிரியாகக் கொண்டது. பிரீட்ரிக்கின் விருப்பப்படி கடலோரத் துறவி மேலேயும், மடம் கீழேயும் தொங்கவிடப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, மேலே தனித்து நிற்கும் துறவியே கீழே சவப்பெட்டிக்குள் இருப்பவர் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. சில ஆய்வாளர்களும் இவ்வாறே விளக்கம் தருகின்றனர். இது உண்மையானால், துறவி கடலில் காண்பது தனது மரணத்தையே என்றாகும்.

பிரஷ்யா 1806 ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் தோல்வியுற்று, பெர்லின் 1808 வரை பிரெஞ்சுப் படைகளின் பிடியில் இருந்தது. 1810 சூலையில் அரசி லூயீசெ இறந்தார். இவ்வாறு துயரில் இருந்த நாட்டில், அவருடைய கணவரான அரசர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம், பதினைந்து வயதுடைய பட்டத்து இளவரசரின் தூண்டுதலினால் இரண்டு ஓவியங்களையும் விலைக்கு வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பிரீட்ரிக் பெர்லின் கலைக்கழகத்தின் வெளி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கிளைஸ்டின் கட்டுரை

எழுத்தாளர் ஹைன்றிக் பொன் கிளைஸ்ட் அப்போது பெர்லினில் "பெர்லினர் ஆபென்ட்பிளெட்டர்" என்னும் மாலை நாளிதழைத் தொடங்கி நடத்தி வந்தார். கிளமென்ஸ் பிரெண்டானோவும், ஆகிம் பொன் ஆர்னிமும் இவ்வோவியத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவருக்கு அளித்தனர். ஓவியத்தின் முன் நின்று பலரும் பேசிச்செல்லும் பொருந்தாப் பேச்சுகளை நகைச்சுவையாகத் தொகுத்த உரையாடல்களே அதில் பெரும்பகுதியாக இருந்தன. கிளைஸ்ட் அவற்றை நீக்கி, கட்டுரையைத் தன் போக்கில் மாற்றி எழுதி 1810 அக்டோபர் 13 ஆம் தேதி வெளியிட்டார். இதனால் மனத்தாங்கல் ஏற்படவே, மூலக் கட்டுரை மற்ற இருவருடையது, இப்போதைய வடிவத்துக்கு மட்டும் தானே பொறுப்பு என அம்மாதம் 22 ஆம் தேதி விளக்கமும் வெளியிட நேர்ந்தது. கப்பல்கள் நீக்கப்பட்ட ஓவியத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற எழுத்தும் நீக்குதலினாலேயே உருவானது என்பது ஒரு விந்தையான பொருத்தம்.

பிரெண்டானோவின் கருத்துப்படி, உண்மையான கடற்கரையில் நிற்கும்போது மனிதனுக்கு ஓர் ஏக்கம் உண்டாகிறது. கடலுக்கு அப்பால் செல்ல விரும்பி, செல்ல முடியாமல் திரும்புகிறான். ஓவியத்தின் முன் நிற்கும்போது இது நிகழ்வதில்லை. அங்கே ஏக்கம் பார்வையாளருக்கும் ஓவியத்துக்கும் இடையிலேயே எழுகிறது. பார்வையாளரே துறவியாகவும், ஓவியமே மணல்மேடாகவும் ஆகிவிடுகின்றன. நோக்க வேண்டிய கடல் மட்டும் அங்கே இல்லை. இதன் பின்னர் வரும் பகுதி கிளைஸ்டினுடையது. உலகில் இதைவிடத் துயரமான இருப்பு வேறில்லை என்றும், மரணத்தின் பெருவெளியில் இம்மனிதன் ஒற்றை உயிர்ப்பொறி என்றும் அவர் கூறுகிறார். சட்டகத்தைத் தவிர வேறு முன்புலம் இல்லாத இவ்வோவியத்தைப் பார்ப்பது கண்ணிமைகளை வெட்டியெடுத்துவிட்டது போன்ற உணர்வைத் தருவதாகவும் எழுதியுள்ளார். கண்ணை மூடவோ, வேறு பக்கம் திருப்பவோ இயலாத நிலையையே இவ்வுவமை குறிக்கிறது. கிளைஸ்ட் 1811 நவம்பரில் ஏரிக்கரை ஒன்றில் தற்கொலை செய்துகொண்டார். அதனை வைத்து இவ்வரிகளை அவருடைய சொந்த மனநிலையின் வெளிப்பாடாக மட்டும் படிப்பதுண்டு. எனினும், ஓரங்களில் தடுப்பில்லாத அமைப்பு பார்வையாளரை என்ன செய்கிறது என்பதை முதலில் துல்லியமாக எடுத்துச் சொன்னவர் அவரே. கட்டுரையைக் கண்டனமாகவும் கொள்ள முடியாது. இந்த நிலத்தை அதன் சொந்தச் சுண்ணாம்பாலும் நீராலுமே வரைந்தால் நரிகளும் ஓநாய்களும் ஊளையிடும் என அவர் கூறுவது உயர்ந்த பாராட்டு ஆகும்.

பொருள் விளக்கங்கள்

பிரீட்ரிக் தன் ஓவியங்களுக்கு விளக்கம் தருவது அரிது. இவ்வோவியத்தைப் பற்றி அவர் 1809 ஆம் ஆண்டில் எழுதிய கடிதக் குறிப்பு ஒன்று கிடைத்துள்ளது. காலை முதல் மாலை வரையும், மாலை முதல் நள்ளிரவு வரையும் எவ்வளவுதான் சிந்தித்தாலும் மறுமையின் இருளை மனிதனால் ஊடுருவ முடியாது என்பதே அதன் சாரம். அறிவினால் அதை எட்ட முனைவது செருக்கு என்னும் எச்சரிக்கையும் அதில் உண்டு. இதன்படி, துறவி நம்பிக்கை இழந்தவர் அல்லர். தன் அறிவின் எல்லையில் வந்து நிற்பவர். கடலின் இருண்ட பட்டைக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டு போவதை இறையருளின் குறியீடாகக் காண்போர் இக்கருத்தையே பின்பற்றுகின்றனர்.

கிளைஸ்டின் உணர்வும் ஓவியரின் விளக்கமும் எளிதில் பொருந்துவன அல்ல. ஒருவர் கண்டது பாழ்வெளி. மற்றவர் கருதியது பணிவு. ஓவியருடைய சொல்லே இறுதியானது என்று கொண்டால் வேறுபாடு தீர்ந்துவிடும். ஆனால், பணிவைக் கற்பிக்க விரும்பிய ஓவியர் அதற்கான அடையாளம் ஒன்றையும் கித்தானில் விட்டுவைக்கவில்லை. சிலுவை இல்லை, விடிவெள்ளி இல்லை, கரை சேரும் படகு இல்லை. கடிதத்தைப் படிக்காத ஒருவர் ஓவியத்திலிருந்து மட்டும் ஆறுதலைப் பெறுவது அரிது. பெற முடியாது என்றும் கூறிவிட முடியாது. வானத்தின் ஒளி எதற்கும் உறுதி தருவதில்லை எனினும், அது அங்கே உள்ளது.

துறவி பிரீட்ரிக்கின் தன்னுருவமே என்பது மற்றொரு கருத்து. பொன்னிற முடியும், தலையின் அமைப்பும் சான்றாகக் காட்டப்படுகின்றன. முதுகுப்புறமாக நிற்கும் உருவம் அவருடைய பிற ஓவியங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. முகம் தெரியாததால், அவர் என்ன உணர்கிறார் என்பதைப் பார்வையாளர் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. "மூடுபனிக் கடலின் மேல் அலைந்து திரிபவர்" என்னும் பிற்கால ஓவியத்தில் இவ்வாறான உருவம் பாறை உச்சியில் நின்று காட்சியை ஆள்வது போல் தோன்றுகிறது. இங்கே அத்தகைய உயரம் எதுவும் துறவிக்குக் கொடுக்கப்படவில்லை. பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1854 இல் வரைந்த "பலவா கடற்கரை" என்னும் ஓவியத்திலும் ஒரு சிறிய மனிதன் தனியாகக் கடல் முன் நிற்கிறான். ஆனால் அவன் கையை உயர்த்திக் கடலுக்கு வணக்கம் சொல்கிறான். இவ்விரு ஓவியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடலின் ஒரு சிறு அசைவு முழுக் கடலின் உணர்வையும் எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பது விளங்கும்.

பிற்காலம்

பிரீட்ரிக் 1840 மே 7 ஆம் தேதி இறந்தபோது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தார். நோர்வேயைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் அன்டிரியாஸ் ஔபர்ட்டின் முயற்சியாலும், 1906 இல் பெர்லினில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியாலும் அவருடைய படைப்புகள் மீண்டும் கவனம் பெற்றன. நாட்சி ஆட்சிக்காலத்தில் அவர் வடபுலத் தேசிய உணர்வின் ஓவியராகப் போற்றப்பட்டார். இதனால் போருக்குப் பின்னர் சில காலம் அவருடைய பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது. 1972 இல் இலண்டனிலும், 1974 இல் ஹம்பர்க்கிலும் நடைபெற்ற கண்காட்சிகள் இந்நிலையை மாற்றின.

அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ராபர்ட் ரோசன்புளூம் 1961 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும், 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலும் கடலோரத் துறவியை மார்க் ராத்கோவின் அருவ ஓவியங்களுடன் ஒப்பிட்டார். கிடைப்பட்டைகளாக அமைந்த வண்ணவெளிகள் இரண்டிலும் உண்டு. ராத்கோவின் ஓவியத்தில் துறவி இல்லை. அவருடைய இடத்தில் பார்வையாளரே நிற்கிறார் என்பது ரோசன்புளூமின் வாதம். இவ்வொப்பீடு பெரும் புகழ் பெற்றது. ஆனால், பிரீட்ரிக்கை அருவக் கலையின் முன்னோடி என்று மட்டும் கூறுவது, அவருக்கு மணலும் நீரும் எவ்வளவு உண்மையானவை என்பதை மறக்கச் செய்துவிடும். கடற்காகங்களின் சிறகடிப்பைக் கூட அவர் விட்டுவிடவில்லை.

போருக்குப் பின் பிரிந்திருந்த பெர்லினில் இவ்வோவியம் மேற்குப் பகுதியில் இருந்தது. 1986 முதல் சார்லட்டன்பர்க் அரண்மனையில் அமைந்த புனைவியக் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்து, 2001 இல் திருத்த வேலைகளுக்குப் பின் திறக்கப்பட்ட பழைய தேசியக் காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. 2013 முதல் இதனையும் இணை ஓவியத்தையும் சீர்செய்யும் பணி மேற்கொள்ளப்பட்டது. மஞ்சளாகிப் போயிருந்த வார்னிஷ் படலங்களும், முன்னைய சீர்செய்வோர் இட்ட மேற்பூச்சுகளும் அகற்றப்பட்டன. 2016 சனவரியில் மீண்டும் காட்சிக்கு வந்தபோது, நெடுங்காலம் பழுப்பேறியிருந்த வானம் குளிர்ந்த நீலச் சாயலும் நுண்ணிய நிறமாற்றங்களும் கொண்டதாகக் காணப்பட்டது. முன்பு எழுதப்பட்ட பல விளக்கங்கள் கூறும் கனத்த இருள் ஓரளவுக்கு வார்னிஷின் இருளாகவும் இருந்திருக்க வேண்டும். ஓவியர் பிறந்து 250 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி 2024 இல் பெர்லினில் நடைபெற்ற சிறப்புக் கண்காட்சியில் இது இடம்பெற்றது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் நடைபெற்ற பிரீட்ரிக் கண்காட்சிக்கும் இவ்வோவியம் இரவலாக அனுப்பப்பட்டது.